கேட் பாஸ் இல்லாத மதர்போட்

மூன்று கொட்டேஷன் இல்லாமல் எங்கள் வீட்டில் மண்வெட்டிப் பிடிகூட மாற்றப்பட்டதில்லை. மூன்று கடைகளில் விலை எழுதி வாங்கி, ஒப்பிட்டு, ஒன்றைத் தெரிவு செய்து, ஏன் அதைத் தெரிவு செய்தோம் என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் போட்ட பிறகுதான் புதிய பிடி வரும். அதுவரை அம்மா கத்தியால் புல் வெட்டுவார்.

அப்பா மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் இரண்டாம் கிளாக்கராக இருந்தார். ஆபீசில் அவருக்கு மேலே பெரிய கிளாக்கரும் அவருக்கும் மேலே தோட்டத்து மேலாளரான தொரையும் இருந்தார்கள். வீட்டில் அவருக்கு மேலே யாரும் இல்லாததால், அந்த இரண்டு பேருடைய வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். நான் பின்னாளில் ஒரு கூட்டுத்தாபனத்தில் கொள்முதலும் நிர்வாகமுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் நாற்பத்து மூன்று வயதிலேயே வீட்டுக்கு வந்தவள். சுற்றறிக்கைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். அவற்றில் பாதியை வேலைக்குப் போகுமுன்பே, சாப்பாட்டு மேசையில் படித்து முடித்திருந்தேன்.

எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டில், தலைமைக் காரியாலயம் தோட்டத்துக்குப் புதிய கம்பியூட்டர் அனுப்பியது. பழையதை ஊழியர்களுக்குள் விற்றார்கள். அப்பா வாங்கினார். பக்கவாட்டில் தோட்டத்து இலக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதப்பட்ட, தொழிலாளரின் சம்பளப் பட்டியலான செக்ரோலை மட்டுமே பார்த்துப் பழகிய இயந்திரம் அது. கூட்டல் நன்றாகப் போடும். மற்றபடி அதற்கு உலகத்தில் எதிலும் ஈடுபாடு இல்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஐந்து பிளொப்பி தந்தாள். அதில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அது கண்டியிலிருக்கும் அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. செவ்வாய்க்கிழமை காலை பிளொப்பிகளை ஒவ்வொன்றாகத் தின்னக் கொடுத்தேன். கம்பியூட்டர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மெமரி போதாது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதியது. இன்னும் ஆறு நாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் கம்பியூட்டர் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் கடைசித் தம்பி, இருபத்திரண்டு வயது. கொழும்பில் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை பார்த்தவர், இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு விடிகாலையில் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு, கையில் பைகூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வேலை பிடிக்கவில்லையாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து தோட்டத்துக் கேட்டைத் தாண்டி அவர் போனதில்லை. அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார், எனக்குக் கணக்குச் செய்து கொடுப்பார், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போவார். தாகம் அதிகமுள்ள மனிதர் என்பது என் கணிப்பு.

மாமா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"நாலு எம்பிதான் இருக்கு பாப்பா. இன்னொரு நாலு போடணும். படம் போடுற வீஜிஏ காட்டும் கெழடு. கார் ஓடாது, நொண்டும்."

"மாத்திருவோம்."

"ஆமா, நீதான் தொரை. உங்கப்பா கையெழுத்துப் போடணும்ல?"

அப்பா மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்ததே இல்லை; கோப்புத் திறப்பார், அவ்வளவுதான். அவர் சொன்ன தொகையில் புதிய சாமான் வாங்க முடியாது, கழற்றிய சாமான்தான். சரி. மூன்று கொட்டேஷன் வேண்டும். மாத்தளை நகரத்தில் அப்போது கம்பியூட்டர் சாமான் விற்ற கடைகள் மொத்தம் இரண்டு. மூன்றாவதுக்கு அப்பா கண்டிக்குத் தபாலட்டை எழுதினார்.

"மச்சான், கண்டியிலேர்ந்து பதில் வர்றதுக்குள்ள இவளுக்கு கல்யாணமே ஆகிடும்" என்றார் மாமா.

"ஆகட்டும். அதுக்கும் மூணு கொட்டேஷன் எடுப்போம்."

புதன்கிழமை ஆபீஸ் டெலிபோனில் நான் இரண்டு கடைகளுக்கும் பேசி, விலைகளை எழுதிக்கொண்டேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் இளைஞர். ஊரெல்லாம் அவரை நானா என்றுதான் கூப்பிடும். உடைத்த வங்கிக் கம்பியூட்டர் ஒன்றின் சாமான்கள் அவரிடம் இருந்தன.

"மகள், மெமரி, காட் ரெண்டும் ஈக்கி. ஆனா உங்கட போட்ல புடிக்குமாண்டு போட்டுப் பாக்காம குடுக்க ஏலா. குடுத்த பொறகு திருப்பி எடுக்கவும் மாட்டேன். மெஷின கொண்டு வாங்க. சனிக்கிழம ஒரு மணிக்கு கட பூட்டு."

வியாழக்கிழமை, கண்டியிலிருந்து பதில் வராமலே அப்பா இறங்கி வந்தார். மூன்றாவது விலை பெறமுடியாமைக்கான காரணம் என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்த்தார். இனித் தடையில்லை என்று நான் குதித்தபோது, கேட் பாஸ் என்றார்.

தோட்டத்துச் சாமான் எதுவும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரமானாலும் சரி, ரப்பர் ஷீட்டானாலும் சரி. ஆனால் இது நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய கம்பியூட்டர். அதற்கும் அப்பா சிங்களத்தில் ஒரு கேட் பாஸ் தயாரித்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி. கம்பியூட்டர் ஒன்று, அதன் இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டின் இலக்கம், கொண்டுபோகும் நோக்கம், கொண்டுபோகிறவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், அவர் இன்ன கிளாக்கரின் மைத்துனர், இன்ன வீட்டில் வசிக்கிறார். அடியில் தொரையின் கையெழுத்துக்கு ஒரு கோடு. தொரை கொழும்புக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

"நம்ம சாமானுக்கு எதுக்குப்பா தொரை கையெழுத்து?"

"சாமான் நம்மளோடது. ரோடு நம்மளோடது இல்ல."

ரோடு அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று சமூகக்கல்விப் புத்தகத்தில் இருந்தது. ஆகவே அதை நான் மறுக்கவில்லை. திங்கட்கிழமை மட்டும்தான் எனக்குப் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். கம்பியூட்டரைப் போட்டேன், அணைத்தேன். பிளொப்பிகளை எண்ணினேன், ஐந்துதான் இருந்தன. மேசையிலிருந்த கேட் பாஸைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கிளாக்கர் மகள் அல்லவா, பதினோராவது தடவையில் ஓட்டை தெரிந்தது. அதில் கம்பியூட்டர் ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. கம்பியூட்டரின் உள்ளே இருக்கும் பலகையைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. கம்பியூட்டரை வெளியே கொண்டுபோனால்தான் பாஸ் வேண்டும். மதர்போட்டைக் கொண்டுபோக என்ன பாஸ்?

சனிக்கிழமை காலை அப்பா, கோப்பையும் எடுத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போனார். அம்மா பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். நான் மாமாவிடம் என் சட்ட விளக்கத்தை எடுத்துவைத்தேன். மாமா சிரித்தார்.

"நீ வக்கீலுக்குத்தான் படிக்கணும். மச்சான் கையெழுத்து வாங்கட்டும் பாப்பா. ரெண்டு நாள்தானே?"

"ரெண்டு நாள்ல பிளொப்பி போயிரும்!"

"போனா போகுது."

"பயம். ஒங்களுக்குப் பயம். கேட்டத் தாண்டவே மாட்டீங்க. அடைகாக்குற கோழி மாதிரி வீட்டுக்குள்ளேயே உக்காந்திருக்கீங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேக்குறாங்க, ஒங்க மாமா பொம்பளையாட்டம் வீட்டுலயே இருக்காராமேன்னு."

பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை. அது நான் அந்த நிமிடத்தில் தயாரித்தது. மாமா தேங்காய் துருவிக் கொண்டிருந்ததை நிறுத்தினார். துருவிய பாதியை மூடி வைத்தார். கையைக் கழுவினார். ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து எட்டு ஆணிகளைக் கழற்றினார். எந்த ஆணி எந்த ஓட்டைக்கு என்று நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். பலகையைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றி, தீபாவளிக்கு வந்த பெரிய பிஸ்கட் டின்னில் வைத்தோம். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

மாத்தளை நகரத்துக்குள் நுழையுமுன் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை விரித்துப் பிடித்தபடி மணல் மூட்டைகளுக்கிடையே நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். யுத்த காலத்தில் அது எங்களுக்குப் பல் துலக்குவது போன்ற விஷயம். மாமா வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கழுத்தின் பின்புறம் முழுக்க வியர்த்திருந்தது. சிப்பாய் அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், டின்னைத் திறக்கச் சொன்னார்.

"மே மொகக்த?" என்றார். இது என்ன?

மாமாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டாம் மொழிச் சிங்களத்தில் அந்தத் தவணை வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். முன்னே போய் விளக்கினேன். இது பெரிய பலகை, இது மெமரி போடும் இடம், இந்த நீல உருளை பெட்டரி.

பெட்டரி எதற்கு என்று கேட்டார்.

உள்ளே மணிக்கூடு இருக்கிறது என்றேன். கரண்ட் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்றேன். இப்போதுகூட ஓடிக்கொண்டிருக்கிறது என்று, அவர் தெரிந்துகொள்ளட்டுமே என்ற நல்லெண்ணத்தில், டின்னைச் சற்று உயர்த்திக் காட்டினேன்.

சிப்பாய் கையை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள்.

"பாப்பா, பேசாத" என்றார் மாமா, மிக மெதுவாக.

என் சிங்களத்தைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். ஆகவே தொடர்ந்தேன். யாருடைய சாமான்? தோட்டத்து ஆபீசுடையது, இப்போது எங்களுடையது. கடிதம் இருக்கிறதா? இருக்கிறது, அப்பா தட்டச்சு செய்துவிட்டார், ஆனால் தொரை கையெழுத்துப் போடவில்லை; பலகைக்கு அது தேவையும் இல்லை. ஏன் தேவையில்லை என்பதையும் விளக்கத் தொடங்கியபோது இரண்டு பேர் மாமாவின் கைகளைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

பஸ் கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். என் தோளைத் தட்டினார். "பய வென்ன எப்பா நங்கி, மம கிளாக் மஹத்தயாட்ட கியன்னம்." தங்கச்சி, பயப்படாதே, நான் கிளாக்கரிடம் சொல்கிறேன். பிறகு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அப்போது மணி பத்தரை.

என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வயதான சிப்பாய் ஒருவர் ரம்புட்டான் கொத்து ஒன்றைத் தந்தார். மூட்டைகளின் இடைவெளியால் மாமா தெரிந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி அவருடைய தோளையும் முழங்கைகளையும் உற்றுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அம்மைத் தழும்பு பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு தரையில் குந்தவைத்து, கைகளைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். அதை அவர்கள் சொல்லி முடிக்குமுன்பே மாமா செய்துவிட்டார். ஒருவர் குறட்டால் பலகையிலிருந்து பெட்டரியைக் கடித்தெடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரம்புட்டான் தந்தவரிடம் மணி கேட்டேன். ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள் என்றும் தெரிவித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

கண்டக்டர் டவுனிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்திருக்க வேண்டும்; பதினொன்றே முக்காலுக்கு ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அப்பா இறங்கினார். ஓடி வரவில்லை. ஆபீஸ் சட்டை, கக்கத்தில் கோப்பு. கணக்குப் பரிசோதகர் முன்னால் போய் நிற்பதுபோல அதிகாரி முன்னால் நின்று, ஒவ்வொரு தாளாக எடுத்து மேசையில் வைத்தார். கம்பியூட்டர் வாங்கிய பற்றுச்சீட்டு. இரண்டு கொட்டேஷன். மூன்றாவது ஏன் இல்லை என்ற தாள். கேட் பாஸ். அதிகாரி ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மாமாவின் அட்டையை அதோடு வைத்துப் பார்த்தார். பலகையை மட்டும் ஏன் கழற்றினார்கள் என்று கேட்டார்.

"நான்தான் சேர் சொன்னேன். பெட்டி பாரம். என்னுடைய பிழை" என்றார் அப்பா சிங்களத்தில்.

அது பொய். அப்பா பொய் சொல்லி நான் கேட்ட முதல் தடவை. வாயைத் திறந்தேன், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பிறகு அதிகாரி கேட் பாஸின் அடிக்கோட்டுக்கு வந்தார். அங்கே தொரையின் கையெழுத்து இருந்தது, அதன் மேல் தோட்டத்து முத்திரை ஊதா மையில் பளபளத்தது. அதிகாரி முதல் பிரதியைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய புத்தகத்தில் ஏதோ எழுதினார். மாமாவிடம் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

முச்சக்கரவண்டியில் நான் நடுவில், மடியில் டின். கோப்பை என் கையில் கொடுத்திருந்தார் அப்பா. இரண்டாவது பிரதியை எடுத்துப் பார்த்தேன். தொரையின் கையெழுத்து எனக்குத் தெரியும். விடுமுறைக் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். இதன் கடைசி எழுத்தில் ஒரு வால் இருந்தது. என் தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் வரும் வால். முத்திரையோ அப்பாவின் மேசை லாச்சிக்குள்தான் எப்போதும் கிடக்கும்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"இது நீங்க போட்டதுப்பா!"

அப்பா என் மடியிலிருந்த டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

"நீங்களே போடலாம்னா செவ்வாக்கிழமையே போட்டிருக்கலாமே? நாலு நாள் வேஸ்ட்டு!"

"கைய எடு பாப்பா" என்றார் அப்பா. "மை காயல."

மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. அப்பா ஓட்டுநரிடம் குனிந்து, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு விடச் சொன்னார்.

"வந்த வேலைய முடிச்சிட்டுப் போவோம். கொட்டேஷன் இன்னையோட முடியுது."

நானா மாமாவின் முகத்தைப் பார்த்தார். கதவைப் பாதி இழுத்து விட்டார், உள்ளே போய் ஒரு பிளேன்டீ கொண்டுவந்தார். "முதல்ல குடிங்க தம்பி." பிறகுதான் டின்னைத் திறந்தார். வீஜிஏ காட் பொருந்தியது. மெமரி பொருந்தியது. அவருடைய திரையில் வண்ணங்கள் வந்தன.

"பெட்டரி எங்க மகள்?"

"தண்ணிக்குள்ள."

"ஒண்டு ஒட்டித் தாறேன், சல்லி வாணாம்."

"வேண்டாம்" என்றார் அப்பா. "கொட்டேஷன்ல இல்ல."

அதன் பிறகு எங்கள் கம்பியூட்டர் ஒவ்வொரு தடவை உயிர்பெறும்போதும் அன்றைய திகதி 1980 ஜனவரி முதலாம் நாள் என்று நம்பியது. ஹாட் டிஸ்க்கின் விவரங்களையும் அது மறந்துவிடும்; நான்தான் ஒவ்வொரு முறையும் கொப்பியைப் பார்த்து எண்களைத் தட்டிக் கொடுக்க வேண்டும். நான் பயின்ற முதல் நடைமுறை அது.

அன்று மாலை அம்மா என்னை அடிக்கவில்லை. மாமாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டு, குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். அடித்திருந்தால், ஏதோ நடந்திருக்கிறது என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஓடியது. நொண்டவில்லை. சிவப்புக் கார் எனக்கு, நீலக் கார் மாமாவுக்கு. விசைப்பலகையின் இரண்டு ஓரங்களில் இருவரும் உட்கார்ந்தோம். மாமா ஒரு விசையை அழுத்தப் போய் மூன்றை அழுத்தினார். நீலக் கார் எல்லா வளைவிலும் வேலியில் மோதியது. ஒன்பது தடவை ஓடி ஒன்பதிலும் நான் வென்றேன். கொழும்பில் வேலை பார்த்தவருக்கு ஒரு கார் ஓட்டத் தெரியவில்லையே என்று கேலி செய்தேன். "கத்துக்குடு பாப்பா" என்றார் மாமா, சிரிக்கவும் செய்தார்.

கொழும்பில் அவர் கடைசியாக இருந்த இடம் கடையல்ல, பதினெட்டு நாள் ஒரு பொலிஸ் கூண்டு என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாமா அப்போது கனடாவில் இருந்தார். இன்னொருவருடைய கையெழுத்தைப் போட்டு அலுவலக முத்திரையைக் குத்துவது எந்த ஒழுக்காற்றுப் பிரிவில் வரும், குற்றப்பத்திரிகையை எப்படித் தொடங்க வேண்டும், என்ன தண்டனையைப் பரிந்துரைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேருடைய கோப்புகளில் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு பேருமே வீட்டுக்குப் போனார்கள். ஏன் போட்டீர்கள் என்று கேட்பதற்குப் படிவத்தில் இடம் இருந்தது, அரை அங்குலம்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இதொன்றும் எனக்குத் தெரியாது. நான் பிளொப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா கலியாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கேட் பாஸின் மூன்றாவது பிரதியை ஓர் உறையிலிட்டு, அப்போதுதான் வந்திறங்கியிருந்த தொரையின் பங்களாவுக்கு ஏறும் படிகளில் ஏறினார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. எல்லாம் முடிந்துபோன விஷயத்துக்கு இன்னும் என்ன தாள் என்று எரிச்சலாக வந்தது எனக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஆண்டு முடிவில் பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றார். அந்த இடம் அப்பாவுக்கு என்றுதான் தோட்டமே பேசிக்கொண்டிருந்தது. அது வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அப்பா கடைசிவரை இரண்டாம் கிளாக்கராகவே இருந்தார். ஏன் கிடைக்கவில்லை என்று பிளொப்பி தந்த தோழி கேட்டாள். எங்க அப்பா எதுலயும் ரொம்ப ஸ்லோ, அதான் என்று சொன்னேன்.